எந்திரம் சொன்னதும் அவள் சொன்னதும்

தெராக்-25 என்ற பெயரைக் கணிப்பொறி படித்தவர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். மென்பொருள் பிழை உயிரைக் குடித்ததற்குப் பாடநூல்கள் தவறாமல் காட்டும் உதாரணம் அந்தக் கருவி. மருத்துவ இயற்பியல் படித்த எனக்கும் வகுப்பில் அது அப்படித்தான் அறிமுகமானது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் ஒரு கருவி, அதன் நிரலில் ஒரு பிழை, 1985 முதல் 1987 வரை ஆறு விபத்துகள், கரும்பலகையில் ஒரு படம். அந்த ஆறு பேர் யார் என்று வகுப்பில் எவரும் கேட்கவில்லை. நான்சி லெவசன் என்ற கணிப்பொறி அறிஞரும் கிளார்க் டர்னரும் சேர்ந்து 1993இல் வெளியிட்ட நீண்ட விசாரணைக் கட்டுரையைப் பல ஆண்டுகள் கழித்து உட்கார்ந்து படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. 1985இல் நடந்த முதல் மூன்று விபத்துகளிலும் சிகிச்சை மேசையில் படுத்திருந்தவர்கள் பெண்கள். அவர்களில் இருவர் தங்களுக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொன்னார்கள். மூன்றாமவருக்காக அவருடைய தோல் சொன்னது. மூன்று பேருக்கும் கிடைத்த பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: அப்படி நடக்க வாய்ப்பே இல்லை.

கதிர்வீச்சுக் கருவிகளின் தரச் சோதனை வரலாற்றை எண்களின் வரலாறாக எழுதலாம். அப்படித்தான் எழுதியும் இருக்கிறார்கள். யாருடைய சொல்லைச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள், யாருடையதைத் தள்ளினார்கள் என்ற வரலாறாகவும் அதை எழுத முடியும். இந்தக் கட்டுரையில் நான் செய்யப் பார்ப்பது அதைத்தான்.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தெராக்-25ஐச் செய்து விற்றது கனடா அரசுக்குச் சொந்தமான ஏ.இ.சி.எல். என்ற அணுசக்தி நிறுவனம். மொத்தம் 11 கருவிகள் மருத்துவமனைகளுக்குப் போயின, அமெரிக்காவுக்கு 5, கனடாவுக்கு 6. ஒரே கருவி இரண்டு விதமாக வேலை செய்யும். தோலுக்கு அருகில் இருக்கும் கட்டிக்கு எலக்ட்ரான் கற்றை, உடலின் ஆழத்தில் இருப்பதற்கு எக்ஸ் கதிர். எக்ஸ் கதிர் வேண்டுமென்றால் எலக்ட்ரான் கற்றையை ஓர் உலோகத் தகட்டில் மோதவிட்டு, அதற்குப் பிறகு ஒரு வடிப்பான் வழியாகச் செலுத்த வேண்டும். அந்த வழியில் பெரும்பகுதி போய்விடும் என்பதால் எக்ஸ் கதிருக்கு மட்டும் கற்றையின் வலிமையை ஏறத்தாழ நூறு மடங்கு கூட்டுவார்கள். எந்தச் சிகிச்சைக்கு எது கற்றையின் வழியில் நிற்க வேண்டும் என்பதை ஒரு சுழல்தட்டு பார்த்துக்கொள்ளும். தட்டு தவறான இடத்தில் நின்று, கற்றை முழு வலிமையில் வந்தால், நடுவில் தடுக்க எதுவும் கிடையாது.

இதற்கு முந்தைய தெராக்-20இல் இந்த ஆபத்துக்கென்றே கணிப்பொறியைச் சாராத தனி மின்சுற்றுகளும் இன்டர்லாக்குகளும் இருந்தன. தெராக்-25இல் அவற்றை எடுத்துவிட்டு, காவல் வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். அந்த மென்பொருளை எழுதியவர் ஒரே ஒருவர். 1983 மார்ச்சில் நிறுவனம் செய்த பாதுகாப்புப் பகுப்பாய்வு மென்பொருள் பிழைகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இரும்பு தேயும், கம்பி அறுந்துபோகும், நிரலுக்குத் தேய்மானம் கிடையாது என்பது அவர்கள் நினைப்பு. கணிப்பொறி தவறான ஆற்றலைத் தேர்ந்தெடுப்பதற்கான வாய்ப்பு என்ற இடத்தில் 10,000 கோடியில் ஒன்று என்று எழுதியிருந்தது. அந்த எண் எப்படி வந்தது என்பதற்கு விளக்கம் இல்லை. அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு பெண்ணும் தன் உடலை வைத்துக்கொண்டு வாதாட வேண்டியிருந்தது இந்த எண்ணோடுதான்.

1985 ஜூன் 3. ஜார்ஜியா மாநிலத்தில் மரியெட்டா என்ற ஊர். மார்பகக் கட்டியை அகற்றிக்கொண்ட 61 வயதுப் பெண் ஒருவருக்குக் காரை எலும்பை ஒட்டிய பகுதியில் எலக்ட்ரான் சிகிச்சை. கருவியை இயக்கியதும் பெரும் சூடு பாய்ந்ததாக உணர்ந்தார். உள்ளே வந்த டெக்னீஷியனிடம், என்னைச் சுட்டுவிட்டீர்கள் என்றார். அதற்கு வாய்ப்பில்லை என்றார் டெக்னீஷியன். தோலில் அப்போது அடையாளம் எதுவும் இல்லை, தொட்டால் மட்டும் சூடாக இருந்தது. அடுத்த வாரங்களில் அந்த இடம் சிவந்து வீங்கியது. முதுகில் அதற்கு நேர் பின்னால் இன்னொரு சிவப்பு வட்டம் தோன்றியது, ஏதோ ஒன்று உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறியதைப் போல. மருத்துவமனையின் இயற்பியலாளருக்குச் சந்தேகம் எழுந்தது. எலக்ட்ரான் கற்றை பரப்பப்படாமல் அப்படியே வெளியே வர முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்டார். மூன்று நாள் கழித்து, முடியாது என்று பதில் வந்தது. வழக்கமாக ஒரு நாள் சிகிச்சைக்கு 200 ராட் அளவில் கொடுப்பார்கள். அன்று அந்தப் பெண்ணின் உடலில் இறங்கியது 15,000 முதல் 20,000 ராட் வரை இருக்கும் என்று பிற்பாடு மதிப்பிட்டார்கள். மார்பகத்தை எடுக்க வேண்டியதாயிற்று. தோளும் கையும் செயலிழந்தன. வலி அவரை விட்டு நீங்கவேயில்லை.

அடுத்த மாதம் கனடாவின் ஹாமில்டன் நகரில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு 24ஆவது தடவையாகச் சிகிச்சைக்கு வந்திருந்தார் 40 வயதுப் பெண் ஒருவர். கருவி ஐந்து விநாடியில் நின்றது. டோஸ் எதுவும் போகவில்லை என்றது திரை. இப்படி நிற்பது அந்தக் கருவியின் அன்றாட வழக்கம். 'பி' என்ற விசையைத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தட்டினார்கள். மறுபடி நின்றது. இப்படி நான்கு முறை தட்டிய பிறகு கருவி முழுவதுமாக நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் டோஸ் போகவில்லை என்றே திரை சொன்னது. அந்தப் பெண்ணோ எரிகிறது என்றார், மின்சாரம் தாக்கியதைப் போல இடுப்பில் சுரீரென்றது என்றார். வந்து பார்த்த பழுதுபார்ப்பவருக்குக் கருவியில் குறை எதுவும் தென்படவில்லை. நவம்பர் 3 அன்று அந்தப் பெண் புற்றுநோயால் இறந்துபோனார். இறக்காமல் இருந்திருந்தால் கதிர்வீச்சு சிதைத்த இடுப்பு மூட்டை முழுவதும் மாற்ற வேண்டியிருந்திருக்கும் என்றது பிரேதப் பரிசோதனை.

தமிழ்நாட்டில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'கரண்ட் வைக்கிறது'. முதல் நாள் வரும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, 'ஷாக் அடிக்குமாம்மா?' என்பதுதான். அடிக்காது, ஒன்றுமே தெரியாது என்று சொல்லி உள்ளே அனுப்புவோம். அது பொய்யில்லை, கதிர் உடலுக்குள் போவது எவருக்கும் தெரியாது. ஒன்றும் தெரியக்கூடாத இடத்தில் ஒருவருக்கு ஏதோ தெரிகிறது என்றால் அதைவிடத் துல்லியமான எச்சரிக்கை வேறென்ன இருக்க முடியும்? அதற்கு முன் 23 நாள் அதே மேசையில் படுத்து எழுந்தவர் ஹாமில்டன் பெண். எது வழக்கம், எது வழக்கமில்லை என்பது அந்த அறையில் அவரைவிட நன்றாக எந்த மானிக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

ஹாமில்டன் விபத்துக்குப் பின் நிறுவனம் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுழல்தட்டின் இடத்தைக் காட்டும் மைக்ரோ சுவிட்சில் கோளாறு இருக்கலாம் என்று ஊகித்தது. ஊகித்த கோளாறைத் தன் ஆலையில் மறுபடி உண்டாக்கிப் பார்க்க அதனால் முடியவில்லை. இருந்தும் சுவிட்சை மாற்றியமைத்துவிட்டு, பாதுகாப்பு குறைந்தது ஒரு லட்சம் மடங்கு கூடிவிட்டது என்று அறிவித்தது. கனடாவின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகம் அந்த நவம்பரில் எழுதிய கடிதத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டது. சுழல்தட்டின் இடத்தைக் கணிப்பொறியைச் சாராமல் அறியும் ஏற்பாடு வேண்டும். டோஸ் கோளாறு வந்தால் ஒரே விசையைத் தட்டித் தொடரும் வசதி கூடாது. கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

மூன்றாவது பெண் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் இருந்தார். 1985 டிசம்பரில் சிகிச்சைக்குப் பின் அவருடைய வலது இடுப்பில் கோடு கோடாகச் சிவந்தது. இணையான கோடுகள், ஏதோ சீப்பை வைத்து இழுத்ததைப் போல. மருத்துவமனையில் இருந்தவர்கள் காரணம் தேடினார்கள். கதிரை மறைக்கப் பயன்படுத்தும் தட்டுகளில் நீளமான இடைவெளிகள் இருக்கும், அவற்றின் அச்சாக இருக்குமோ என்று பார்த்தார்கள். அவருக்குப் பயன்படுத்திய தட்டுகளை அதற்குள் எறிந்துவிட்டிருந்தார்கள். அவர் வீட்டில் மின்சார ஒத்தட மெத்தை வைத்துக்கொண்டு தூங்குவார் என்பது தெரிந்ததும் அதன் கம்பிகளோடு கோடுகளை ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை. ஜனவரி இறுதியில் நிறுவனத்துக்கு எழுதினார்கள். பிப்ரவரி 24 தேதியிட்ட பதில் வந்தது. தொழில்நுட்பக் காரணங்களை அடுக்கி, இந்தக் காயம் தெராக்-25இன் கோளாறாலோ இயக்கியவரின் தவறாலோ வந்திருக்க முடியாது என்றது. இதுபோல வேறெங்கும் நடந்ததில்லை என்றும் சொன்னது. அப்போது மரியெட்டா பெண் வழக்குத் தொடுத்து மாதங்கள் ஆகியிருந்தன.

ஒரு பெண்ணுக்குப் புண் வந்தால் அவள் வீட்டில், அவள் படுக்கையில் காரணம் தேடுவது யாக்கிமாவில் மட்டும் நடப்பதல்ல. ஆனால் அந்த மருத்துவமனையினர் மெத்தையோடு நின்றுவிடவில்லை, தேடினார்கள், எழுதிக் கேட்டார்கள் என்பதை மறுக்கக் கூடாது. மூன்று ஊர்களில் மூன்று பேர், ஒருவருக்கு இன்னொருவர் இருப்பது தெரியாது. எல்லாம் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த இடம் ஒவ்வொருவரிடமும் நீ மட்டும்தான் என்றது. இப்படிப்பட்ட விபத்துகளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை அன்றைய அமெரிக்கச் சட்டப்படி தயாரிப்பாளருக்கு இருந்தது, மருத்துவமனைகளுக்கு இல்லை.

1986 மார்ச் 21 அன்று டெக்ஸாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்ததைத்தான் பாடநூல்கள் விரிவாகச் சொல்லும். இம்முறை படுத்திருந்தவர் ஓர் ஆண். முதுகில் எலக்ட்ரான் சிகிச்சை, ஒன்பதாவது தடவை. கருவியை இயக்கியவர் ஒரு பெண், அனுபவசாலி, விசைப்பலகையில் வேகமாக ஓடும் விரல்கள். அங்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ் கதிர்தான் என்பதால் பழக்கத்தில் எலக்ட்ரானுக்குரிய 'ஈ'யை அடிக்க வேண்டிய இடத்தில் 'எக்ஸ்' அடித்துவிட்டார். உடனே கவனித்து, மேலே போகும் அம்புக்குறி விசையைத் தட்டித் திருத்தினார். மற்ற விவரங்கள் எல்லாம் சரியாக இருந்தன, என்டர் விசையைத் தட்டிக்கொண்டே கீழே வந்து சிகிச்சையைத் தொடங்கினார். திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. அதற்கு என்ன பொருள் என்று கையேட்டில் விளக்கம் இல்லை. 202 அலகு கேட்ட இடத்தில் 6 அலகுதான் போயிருக்கிறது என்றது திரை. 'பி' விசையைத் தட்டினார்.

உள்ளே இருந்தவருக்கு முதல் தடவையே முதுகில் கொதிக்கும் எதையோ ஊற்றியது போலிருந்தது. எட்டு நாள் அனுபவத்தில் இது சரியில்லை என்று தெரிந்து எழுந்திருக்க முயன்றார். அப்போதுதான் இரண்டாவது தடவை அவர் கையில் பாய்ந்தது. உள்ளே நடப்பதைக் காட்டும் வீடியோ திரை அன்று மின்இணைப்பு இல்லாமல் கிடந்தது, ஒலிக்கருவி பழுதாகியிருந்தது. அவர் எழுந்து போய்க் கதவைத் தட்டினார். மருத்துவர் பார்த்துவிட்டு, மின்சாரம் தாக்கியிருக்கும் என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பினார். நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர்களும் மின்சாரக் கசிவாக இருக்கலாம் என்றார்கள். வெளி நிறுவனம் ஒன்று வந்து சோதித்தது, கசிவு எதுவும் இல்லை. வேறெங்கும் இப்படி நடந்திருக்கிறதா என்று மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர் கேட்டார். தங்களுக்குத் தெரிந்து இல்லை என்றார்கள். ஏப்ரல் 7 அன்று கருவி மறுபடி வேலைக்கு வந்தது. முதுகில் காயம்பட்டவர் ஐந்து மாதத்தில் இறந்துபோனார்.

ஆண் சொன்னதை மட்டும் நம்பினார்கள் என்று இங்கே எழுதிவிட ஆசை வருவது இயல்புதான். சான்று அதற்கு இடம் தரவில்லை, அவரையும் நம்பவில்லை. டைலரில் மாறியது வேறொன்று. ஏப்ரல் 11, முகத்தில் தோல் புற்றுநோயோடு வந்த இன்னொருவர். அதே ஆபரேட்டர், அதே எழுத்துத் தவறு, அதே திருத்தம், மறுபடி 54. இம்முறை ஒலிக்கருவி வேலை செய்தது. பெரிய சத்தமும் அதைத் தொடர்ந்து முனகலும் கேட்டன. அந்தப் பெண் எழுந்து உள்ளே ஓடினார். வெளியே வந்து ஹேகரை அழைத்தார். மூன்று வாரத்தில், மே 1 அன்று, அந்த நோயாளி இறந்தார்.

கருவியை நிறுத்திவிட்டு ஹேகர் நிறுவனத்துக்குத் தகவல் சொன்னார். அதன் பின் அவர் செய்ததைத்தான் அதுவரை எவரும் செய்திருக்கவில்லை. இயக்கியவரை அழைத்து, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். எந்த வரியில் தவறு, எந்த விசை, எதற்குப் பின் எது என்று அந்தப் பெண் தன் விரல்களின் நினைவிலிருந்து சொன்னார். இருவரும் காலி அறையை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தார்கள். கடைசியில் 54ஐ விருப்பப்படி வரவழைக்க முடிந்தது. சூட்சுமம் வேகத்தில் இருந்தது. காந்தங்களைச் சரிசெய்யக் கருவிக்கு ஏறத்தாழ எட்டு விநாடி ஆகும். அந்த எட்டு விநாடிக்குள் ஒருவர் பிழையைத் திருத்தி முடித்துவிட்டால் திரையில் திருத்தம் தெரியும், சுழல்தட்டும் எலக்ட்ரான் இடத்துக்குப் போய்விடும், கற்றையின் வலிமை மட்டும் எக்ஸ் கதிருக்கு உரியதாகவே நிற்கும். நிறுவனத்தின் பொறியாளர் தன் கருவியில் செய்து பார்த்தபோது முதலில் வரவில்லை. வேகமாகச் செய்யுங்கள் என்று சொன்ன பிறகுதான் வந்தது. நிதானமாக, கவனமாக, சோதனைக்கூட வேகத்தில் தட்டுபவர்களுக்கு அந்தப் பிழை ஆயுளுக்கும் அகப்பட்டிருக்காது. நாள் முழுக்க வரிசையில் நிற்கும் நோயாளிகளுக்காக வேகம் பழகிய கைகளுக்குத்தான் அகப்பட்டது. பாடநூலில் இந்தப் பிழைக்கு ஒரு பெயர் உண்டு. கண்டுபிடித்த கைகளுக்கு லெவசனின் கட்டுரையிலும் பெயர் இல்லை, 'ஆபரேட்டர்' மட்டும்தான்.

அந்தக் கைகள் மீது பழி சுமத்துவது எவ்வளவு எளிது என்பதையும் கவனிக்க வேண்டும். ஏன் பார்க்காமல் 'பி'யைத் தட்டினாள்? விபத்துகளில் ஒன்றில் கருவியை இயக்கிய பெண் பின்னர் சாட்சியம் அளித்தார். கோளாறுச் செய்திகள் அன்றாடம் வந்துகொண்டே இருந்ததால் அவை தனக்கு உறைக்காமல் போயின என்றார். பாதுகாப்பு ஏற்பாடுகள் அத்தனை இருப்பதால் அதிக டோஸ் போகவே முடியாது என்றுதான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள் என்றார். வேறொரு மருத்துவமனையில் சில நாட்களில் 40 தடவை வரை இந்தச் செய்திகள் வந்தனவாம். நாளைக்கு நாற்பது தடவை பொய்க்கு அலறும் மணியை யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்?

நிறுவனத்தின் உடனடித் தீர்வு ஏப்ரல் 15 தேதியிட்ட கடிதமாக வந்தது. மேலே போகும் அம்புக்குறி விசையின் மூடியைக் கழற்றிவிடுங்கள், கீழே இருக்கும் தொடுமுனைகளை இன்சுலேஷன் டேப் போட்டு மூடிவிடுங்கள். ஏன் என்பதைக் கடிதம் தெளிவாகச் சொல்லவில்லை, இரண்டு பேர் காயப்பட்டதைச் சொல்லவில்லை. மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. கருவி குறைபாடுடையது என்று அறிவித்து, இந்தக் கடிதம் போதாது என்றது.

சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த செய்தி எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்தது. அங்கே பழைய தெராக்-20 இருந்தது. புதிய மாணவர்கள் வரும் பருவங்களில் வாரத்துக்கு மூன்று தடவை அதன் ஃபியூஸ் போகும், கொஞ்ச நாளில் தானாக நின்றுவிடும். டைலர் செய்தியைக் கேட்ட பிறகு அங்கிருந்த இயற்பியலாளர் ஃபிராங்க் போர்கர் தேடிப் பார்த்தார். அதே பிழை தெராக்-20லும் இருந்தது. கைபழகாத மாணவர்கள் தாறுமாறாகத் தட்டியபோதெல்லாம் அது தலைகாட்டியது, இரும்பில் செய்த காவல் ஃபியூஸைப் பலிகொடுத்து ஆளைக் காப்பாற்றியது. தெராக்-25இல் வேண்டாம் என்று கழற்றிய அதே காவல்.

1987 ஜனவரி 17 அன்று யாக்கிமாவில் இன்னொரு விபத்து. இது வேறொரு மென்பொருள் பிழை. அந்த நோயாளி ஏப்ரலில் இறந்தார். அவர் உடலில் தோன்றிய கோடுகளைப் பார்த்ததும் மருத்துவமனையினருக்கு 13 மாதங்களுக்கு முன் வந்த பெண் நினைவுக்கு வந்தார். அதே இணைகோடுகள். அவருக்கு அன்று பட்டதும் அதிகக் கதிர்தான் என்பது அப்போதுதான் உறுதியானது. அதுவரை ஆறாத புண்ணோடு அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. கருவியை வழக்கமான சிகிச்சைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றது. அந்த ஆண்டுக்குள் திருத்தங்கள் வந்தன. ஒரே துடிப்பில் கற்றையை நிறுத்தும் தனி மின்சுற்று, சுழல்தட்டின் இடத்தைக் கணிப்பொறியைக் கேட்காமல் அறியும் பொட்டென்ஷியோமீட்டர், காலை எடுத்தால் நின்றுவிடும் சுவிட்ச், எண்களுக்குப் பதிலாகப் படித்தால் புரியும் செய்திகள். ஹாமில்டன் பெண் உயிரோடு இருந்த நாட்களிலேயே செய்திருக்கக் கூடியவை. மருத்துவமனைகளும் கருவி விபத்துகளைத் தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1990இல் வந்தது.

இதே ஆண்டுகளில் பிரிட்டனில் தரச் சோதனை வேறொரு பாதையில் வளர்ந்தது. அங்கே மென்பொருள் இல்லை, கணக்குத் தவறு. 1988இல் எக்ஸெட்டர் மருத்துவமனையில் கோபால்ட் கருவிக்குப் புதிய கதிர்மூலத்தை வைத்தபோது அதன் வலிமையைத் தவறாக அளந்துவிட்டார்கள். சில மாதங்களில் 207 பேருக்கு 25 சதவீதம் கூடுதலாக டோஸ் போனது. மருத்துவமனைகளின் அளவீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் நாடு தழுவிய சோதனை ஒன்றில்தான் அது வெளிப்பட்டது. தன் அளவைத் தானே சரிபார்த்தால் போதாது, வெளியிலிருந்து ஒருவர் தனிக் கருவியோடு வந்து அளக்க வேண்டும் என்ற விதி அங்கே உறுதிப்பட்டதற்கு எக்ஸெட்டர் முக்கியக் காரணம்.

எக்ஸெட்டரை எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். 'ரேஜ்' அமைப்பைக் குறிப்பிடுபவர்கள் குறைவு. ஆங்கிலத்தில் சினம் என்று பொருள் தரும்படி சுருக்கப்பெயர் வைத்துக்கொண்ட அந்த அமைப்பை 1991இல் தொடங்கியவர்கள் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுப் பெற்ற பெண்கள். புற்று போய்விட்டது. ஆனால் கைக்குப் போகும் நரம்புக்கற்றை சேதமாகி, சிலருக்குக் கை அடியோடு விழுந்துவிட்டது, வலி ஓயவில்லை. மரியெட்டா, ஹாமில்டன், யாக்கிமா பெண்களுக்கு வாய்க்காதது இவர்களுக்கு வாய்த்தது: ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தார்கள். கணக்கெடுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். கதிரியல் மருத்துவர்களின் ராயல் கல்லூரி ஆய்வுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று, 1995இல் முடிவுகள் வந்தன. மார்புக்கு ஒரு நிலையில், அக்குளுக்கு வேறொரு நிலையில் என்று சிகிச்சைக்கு நடுவே பெண்ணை அசைத்துப் படுக்க வைத்தது காயத்தோடு அதிகம் சேர்ந்து வந்த காரணமாகத் தெரிந்தது. அசைந்த இடத்தில் இரண்டு கதிர்ப்புலங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும். கருவியை எவ்வளவு சோதித்தாலும் இது அகப்படாது. கருவியில் குற்றமே இல்லை.

1999 முதல் 2002 வரை 4,451 பெண்களைச் சேர்த்து அங்கே நடந்த 'ஸ்டார்ட்' ஆய்வுகள் மார்பகக் கதிர்வீச்சை ஒழுங்குபடுத்தவென்றே அமைந்தவை. பங்கேற்ற மருத்துவமனைகளுக்குத் தரச் சோதனைக் குழு நேரில் போய் அளந்து பார்த்தது. 5 வாரங்களில் 25 தடவை தருவதற்குப் பதில் 3 வாரங்களில் 15 தடவை போதும் என்று சொல்ல முடிந்தது அந்த ஆய்வுகளால்தான். தடவைக்குத் தடவை டோஸ் கூடும்போது அளவு பிசகினால் காயம் கடுமையாகும் என்பதால், அந்த நேரடி அளவீடு இல்லாமல் இந்த முடிவை நம்பியிருக்க முடியாது. நம் ஊரிலும் இப்போது பல இடங்களில் மார்பகத்துக்கு மூன்று வாரம்தான். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வரும் ஒரு பெண்ணுக்குப் பத்து நாள் கூலி மிச்சம் என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியப் பெண்களிடம் அதிகம் காணும் புற்றுநோய்கள் மார்பகமும் கருப்பைவாயும். சென்னை அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதே முத்துலட்சுமி ரெட்டி முன்னின்ற பெண்கள் சங்கம்தான். எங்கள் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். அவர்கள் வருவதற்கு முன், காலையில், நாங்கள் கருவியைச் சோதிக்கிறோம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் இருக்கின்றன. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 1994இலும் 2009இலும் வெளியிட்ட பட்டியல்களும் இருக்கின்றன. கதிர் அளவு முந்தைய அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. லேசர் கோடுகள் 2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் கதிர் நிற்க வேண்டும். உள்ளே பார்க்கும் கேமராவும் கேட்கும் ஒலிக்கருவியும் வேலை செய்ய வேண்டும். இந்தக் கடைசி வரிக்கு நேரே டிக் போடும்போது டைலர் அறையில் கதவைத் தட்டிய மனிதரை நினைத்துக்கொள்வேன்.

படுத்திருந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்பது இந்தப் பட்டியல்களில் கிடையாது. அவை கருவிக்கான பட்டியல்கள், அதில் நியாயம் உண்டு. எங்கள் பிரிவு டெக்னீஷியன்களில் மூத்தவரான அக்கா ஒருவர் தினசரிப் பதிவேட்டில் ஸ்கேலை வைத்துத் தனியாக ஒரு பத்தி கோடு போட்டார். தலைப்பு எதுவும் எழுதவில்லை. சிகிச்சை முடிந்து மேசையிலிருந்து இறங்குபவர் எதையாவது சொன்னால் அதை அவர் சொன்னபடியே அதில் எழுதுவார், தன் சொல்லில் மாற்றுவதில்லை. 'குளுருது', 'இன்னைக்கி சத்தம் வேற மாதிரி இருந்துச்சி', 'நெஞ்சு படபடங்குது'. பெரும்பாலும் ஏசியைக் குறைப்பதோடு முடிந்துவிடும். போன ஆடியில் ஒருநாள் அடுத்தடுத்து மூன்று பேருக்கு நேரே ஒரே மாதிரி எழுதியிருந்தார்: 'மேசை லேசா ஆடுது.' காலைச் சோதனையில் மேசையின் இடம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் சோதனையின்போது மேசை மேல் யாரும் படுத்திருப்பதில்லை. எடை வைத்துப் பார்த்தோம். பூட்டுத் தேய்ந்து மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தது. மறுநாள் கம்பெனி ஆள் வந்து மாற்றிக்கொடுத்துவிட்டு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அக்கா பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார்.